இடாப்பைப் பிந்திக் கூப்பிட்ட ரீச்சர்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டொக்டர் பேச வருகிறா என்றதும் சீனி, பிறஷர் பற்றித்தான் பேசப் போகிறா என்று சிலர் நினைத்திருப்பீர்கள். சாப்பாட்டுக்கு முன்னர் அதைப் பேசி உங்கள் பாயாசத்தைக் கெடுக்க மாட்டேன். ஒரு இடாப்பைப் பற்றிப் பேசப் போகிறேன்.

1996இல் நான் ஆண்டு பத்து. கிளிநொச்சிச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து வந்த காலம். எங்கள் பாடசாலையும் வேறொரு பாடசாலையின் வளவில் பிற்பகல் நேரத்தில் நடந்தது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு கிடுகுக் கொட்டிலும் இரண்டு மரநிழலும். காலையில் தண்ணீர் அள்ளி, நிவாரணத்துக்கு வரிசையில் நின்று, மைல்கணக்கில் நடந்து வரும் பிள்ளைகள் நாங்கள். எங்கள் வகுப்பு ரீச்சர் முதலாம் பாடத்தில் இடாப்புக் கூப்பிட மாட்டா. இரண்டாம் பாடம் முடிந்த பிறகுதான் கூப்பிடுவா. ஏன் என்று அவ சொன்னதில்லை. எங்களுக்கும் அப்போது விளங்கவில்லை. ஆனால் அந்த வருடம் எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையும் படிப்பை விடவில்லை.

எங்கள் மலர்களில் மருத்துவ பீடத்துக்கும் பொறியியல் பீடத்துக்கும் போனவர்களின் படங்களைப் போடுகிறோம். நல்ல விஷயம்தான். ஆனால் சாதாரண தரத்தோடோ உயர்தரத்தோடோ நிற்கும் பிள்ளைகள் அவர்களைவிட எத்தனையோ மடங்கு அதிகம். அவர்களுக்கு இன்று வழி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் உண்டு. என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டங்கள் இருக்கின்றன. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். படியேறிப் போகலாம்.

இப்போது இந்தப் பயிற்சிகள் சிலவற்றில் ஒரு பகுதி நிகழ்நிலையில், அதாவது சூம் வகுப்பாக, நடக்கிறது. மீதி பயிற்சி நிலையத்திலும் வேலைத்தலத்திலும். எங்கள் வைத்தியசாலைக்கும் பராமரிப்பாளர் பயிற்சிக்குப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

முதலாவது பிள்ளை நிகழ்நிலைப் பரீட்சைகளில் முழுப் புள்ளி எடுத்தவள். விடுதியில் முதல் நாள், பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்த ஒரு அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னோம். அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "வீடியோவில பார்த்தனான் டொக்டர், செய்து பார்க்கேல்லை" என்றாள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பாவிட்டால் படுக்கைப் புண் வரும். தலையை உயர்த்தாமல் கஞ்சி பருக்கினால் அது நுரையீரலுக்குள் போகும். இவற்றைத் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கை பழகாது.

இரண்டாவது பிள்ளை அதே அம்மாவை மெதுவாகத் தோளிலும் இடுப்பிலும் பிடித்து, பேச்சுக் கொடுத்தபடியே திருப்பினாள். மூன்று வருடம் தன் அம்மம்மாவைப் பார்த்தவள். ஆனால் அவளுக்கு இறுதி மதிப்பீட்டுக்குப் போக அனுமதி இல்லை. வரவு போதாது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன், மேசன் வேலைக்குப் போகும் அப்பாவோடு அதுவும் போய்விடும். அவர் வந்த பிறகு, சிக்னல் கிடைக்கும் குளக்கட்டுக்குப் போய் இருந்து வகுப்பைக் கேட்பாள். பொழுதுபட்டால் யானை வருகிற இடம். கமெரா போட்டிருக்க வேண்டும் என்பது விதி. இருட்டில் முகம் தெரியாது, டேட்டாவும் காணாது என்று கமெராவை நிறுத்தினாள். 'வரவில்லை' என்று பதிந்துவிட்டார்கள்.

நான் அழைத்துக் கதைத்தேன். விதி விதிதான் என்றார்கள். அவர்களையும் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் மேலே கணக்குக் காட்ட வேண்டும். அந்தப் பிள்ளை ஒரு வருடத்தை இழந்து அடுத்த அணியில் சேர்ந்தாள். ஒரு வருடம் என்பது எங்களுக்குச் சின்ன விஷயம். அன்றாடக் கூலியில் ஓடும் வீட்டுக்கு அப்படியல்ல.

நான் நிகழ்நிலை வகுப்புக்கு எதிரானவள் அல்ல. 2020 மார்ச் 13இல் பாடசாலைகள் மூடப்பட்டபோதும், 2022இல் எண்ணெய் இல்லாமல் பஸ் ஓடாதபோதும் போனில் வந்த பாடம்தான் பாடம். அதே 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நின்றபோது அதுவும் நின்றது. ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ தினமும் பஸ் ஏறும் பிள்ளைக்கும், கைக்குழந்தை உள்ள தாய்க்கும் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து படிப்பது பெரிய உதவி. ஆகவே வகுப்பு இருக்கட்டும். விதியைத்தான் திருத்த வேண்டும்.

இங்கே பயிற்சி நிலையங்களில் பணிபுரியும் பழைய மாணவியர் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஐந்து விஷயம் கேட்கிறேன்.

ஒன்று, வரவை முகத்தைப் பார்த்துப் பதியாதீர்கள், வேலையைப் பார்த்துப் பதியுங்கள். பாடத்தின் ஒலிப்பதிவையும் குறிப்பையும் வட்ஸ்அப்பில் போடுங்கள். இரண்டு நாளுக்குள் கேட்டு விடை எழுதி அனுப்பினால் அவள் வந்தவள்தான். என்.வி.கியூ.வின் அடிப்படையே செய்யத் தெரியுமா என்பதுதான். பயிற்சிக்கே போகாமல் அனுபவத்தால் கற்றவரையும் மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்க அதில் இடம் இருக்கிறது. அப்படியிருக்க, கமெராவுக்காக ஒரு பிள்ளையைத் தள்ளுவது நியாயமா?

இரண்டு, கமெரா கட்டாயம் வேண்டாம். ஒரே அறை வீட்டில் பின்னால் அப்பா படுத்திருப்பார், தங்கச்சி உடுப்பு மாற்றுவாள். மதிப்பீட்டின்போது மட்டும் கேளுங்கள், முன்கூட்டியே சொல்லுங்கள்.

மூன்று, கையால் பழக வேண்டியதைத் திரைக்கு மாற்றாதீர்கள். நாள் பிந்தினாலும் பரவாயில்லை.

நான்கு, பொழுதுபடுமுன் வகுப்பை முடியுங்கள். இரவில் மாணவிக்குத் தனிச் செய்தி அனுப்புவதில்லை என்று ஆசிரியருக்கும் விதி இருக்கட்டும். தொல்லை வந்தால் முறையிட ஒரு பெண் அலுவலரின் பெயரை முதல் நாளே சொல்லுங்கள். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தையும் சொல்லுங்கள்.

ஐந்தாவது பிள்ளைகளுக்கு. வகுப்பைத் திறந்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போகாதீர்கள். சிநேகிதியின் விடையை உங்கள் விடையாக அனுப்பாதீர்கள். நோயாளியைப் படம் எடுத்துக் குழுவில் போடவே கூடாது. படுக்கையில் கிடக்கும் அந்த அம்மாவுக்கும் மானம் உண்டு.

கடைசியாக எங்கள் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு வளைவு கட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை, அக்காமார் கோபிக்க வேண்டாம். அதோடு சேர்த்து எங்கள் கணினி அறையைப் பாடசாலை விட்ட பிறகு இரண்டரை மணித்தியாலம், படிப்பை முடித்துப் போன பிள்ளைகளுக்கும் திறந்து வைப்போம். கரண்ட் நின்றாலும் ஓடச் சூரிய மின்கலம், பொறுப்பாக இருக்க ஒருவருக்குச் சம்பளம், ஒரு இணைய இணைப்பு. வெளிநாட்டிலிருக்கும் நீங்கள் போன் மாற்றும்போது பழையதை அனுப்புங்கள். குளக்கட்டில் இருட்டில் இருக்கும் பிள்ளை எங்கள் கூரையின் கீழ் இருக்கட்டும்.

இடாப்பைப் பிந்திக் கூப்பிட்ட அந்த ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறா. ரீச்சர், அந்த வருடம் நான் பல நாள் பிந்தித்தான் வந்தேன். உங்கள் இடாப்பில் ஒரு நாளும் நான் 'வரவில்லை' ஆகவில்லை. அதனால்தான் இன்று இங்கே நிற்கிறேன்.