உடையும் அறமும் மாணவர் கலையும்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சரோஜினி நகர்ச் சந்தை புதிய இடமன்று. அயல்நாட்டுக் கடைகளுக்கென்று தைக்கப்பட்டு, ஏதோ ஒரு சிறு குறையினாலோ, கணக்கில் மிஞ்சியதாலோ, கப்பலேறாமல் நின்றுவிட்ட ஆடைகள் அங்கே குவியல் குவியலாக மலிந்த விலைக்குக் கிடைக்கும். அவற்றுள் பலவற்றின் கழுத்தோரத்தில் ஒன்றைக் காணலாம். விற்பனை நிறுவனத்தின் பெயர் பொறித்த சிறு துணிச்சீட்டு கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருக்கும். தையலில் அகப்பட்ட துண்டு மட்டும் எஞ்சியிருக்கும். விற்பவர் பெயர் இவ்வாறு மறைந்துபோகிறது. தைத்தவர் பெயரோ முதலிலிருந்தே அங்கு இருந்ததில்லை.

அத்தகைய அரைக்கைச் சட்டை ஒன்றை என் மகள் சென்ற ஆண்டு வாங்கிவந்தாள். அவள் ஓவியக் கல்லூரி மாணவி. 'நாகரிக உடைத் தொழிலும் அறமும்' என்னும் பொருள்பற்றி ஒவ்வொரு மாணவரும் ஒரு கலைப்படைப்பைச் செய்து காட்சிக்கு வைக்கவேண்டும் என்று ஆசிரியர் பணித்திருந்தார். அதேபோன்ற பத்துப் புதிய சட்டைகளை வாங்கி, அவற்றின்மீது செஞ்சாயத்தைத் தெளித்துக் கொடியில் தொங்கவிடுவது என்பது அவளுடைய திட்டம். "பார்ப்பவர்கள் திடுக்கிடுவார்கள், அப்பா" என்றாள்.

"திடுக்கிட்ட பிறகு என்ன செய்வார்கள்?" என்று கேட்டேன். அவள் விடை கூறவில்லை. சற்றுப் பொறுத்து, "இந்தச் சட்டைகளைத் தைத்தவர் வந்து பார்த்தால், தம்முடைய வேலையை நான் பாழாக்கிவிட்டதாக அல்லவா நினைப்பார்?" என்று அவளே கேட்டாள். அவ்வினாவைப்பற்றியே இன்று நேயர்களோடு சிறிது சிந்திக்க விரும்புகிறேன். ஓர் அநீதியைக் கலையில் எடுத்துக்காட்டும்போது, அந்த அநீதிக்கு ஆளானவரிடம் கலைஞர் எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும்?

உடைத் தொழிலின் கொடுமையைக் கலைவடிவில் கூறுவது நம் நாட்டில் புதிதன்று. ஐரோப்பியரின் துணிகளுக்கு நீலம் ஏற்றுவதற்காக வங்காளத்து உழவர்கள் அவுரி பயிரிடும்படி வற்புறுத்தப்பட்டனர். முன்பணம் என்னும் கயிற்றால் கட்டுண்டு, நெல் விளையும் நிலத்தில் அவுரியை விதைத்து, கடனிலேயே மாண்டனர். 1859-ஆம் ஆண்டில் அவர்கள் இனி விதைப்பதில்லை என்று எழுந்து நின்றார்கள். அடுத்த ஆண்டில், 1860-இல், 'நீல் தர்ப்பண்' என்னும் நாடகம் டாக்கா நகரில் அச்சேறியது. எழுதியவர் தீனபந்து மித்ரர். அஞ்சல் துறையில் பணியாற்றியவர். தம் பெயரை நூலில் அவர் வெளியிடவில்லை.

அந்நாடகம் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. அதை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங், 1861-இல் அவதூறு வழக்கில் ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் பெற்றார். அபராதத் தொகையைக் காளிபிரசன்ன சின்ஹா அப்பொழுதே கட்டிவிட்டார். மொழிபெயர்த்தவர் பெயரும் நூலில் இல்லை; கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர் என்பது பலர் கூறும் செய்தி; மறுப்போரும் உளர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வரலாறு எப்பொழுதும் நெஞ்சில் நிற்பது. ஆயினும் இங்கு நாம் மறக்கலாகாத உண்மை ஒன்று உண்டு. நாடகம் உழவரை எழுப்பவில்லை. உழவர் எழுந்தனர், நாடகம் அவர்கள் குரலை அவர்கள் செல்ல முடியாத இடங்களுக்குச் சுமந்துசென்றது. கலையின் வேலை இதுவே எனலாம். துன்புறுவோருக்குப் பதிலாகப் பேசுவதன்று. அவர்கள் பேசுவதைக் கேட்கச் செய்வது.

நாடகம் அச்சேறிய அதே டாக்காவிற்கு அருகில், சாவார் என்னும் ஊரில், 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. அதில் ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்கள் பல இயங்கிவந்தன. முதல் நாளே சுவர்களில் வெடிப்புகள் காணப்பட்டன. அக்கட்டடத்திலிருந்த வங்கி தன் ஊழியரை வீட்டிற்கு அனுப்பிவிட்டது. ஆடை தைப்போர் மட்டும் மறுநாள் வேலைக்கு வரவேண்டும் என்று வற்புறுத்தப்பட்டனர். இறந்தவர் தொகை 1,134. அவர்கள் தைத்த ஆடைகள் செல்வ நாடுகளின் கடைகளுக்கு உரியவை.

அவ்விடிபாடுகளிடையே வங்கதேசத்துப் புகைப்படக் கலைஞர் தஸ்லிமா அக்தர் எடுத்த படம் ஒன்று உலகெங்கும் பரவியது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒருவரையொருவர் அணைத்த நிலையில் மாண்டு கிடக்கின்றனர். அவர்கள் யாவர், ஒருவருக்கொருவர் என்ன உறவு என்பதைத் தாம் எவ்வளவோ தேடியும் அறிய முடியவில்லை என்று அக்கலைஞர் எழுதினார். படம் புகழ்பெற்றதோடு அவர் நிற்கவில்லை. மாண்டவர், காணாமற்போனவர் ஆகியோரின் பெயர்களையும் உருவப்படங்களையும் குடும்பத்தாரிடமிருந்து திரட்டும் பணியிலும் ஈடுபட்டார். ஒரு சடலத்தின் படம் நம்மை அழச் செய்யும். ஒரு பெயரும், அவர் உயிரோடு இருந்தபோது எடுத்த ஒரு படமும், அவர் நம்மைப்போன்ற ஒருவர் என்பதை உணரச் செய்யும். மாணவக் கலைஞர்கள் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்க்கவேண்டும்.

அவ்விபத்திற்குப் பின் இரண்டு காரியங்கள் நடைபெற்றன. தொழிற்சங்கங்களும் பல ஆடை நிறுவனங்களும் கட்டடப் பாதுகாப்பிற்காகச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றில் அதே ஆண்டு மே மாதம் கையெழுத்திட்டன. இங்கிலாந்தில் காரி சோமர்ஸ், ஓர்சோலா டி காஸ்ட்ரோ என்னும் இரு பெண்மணிகள் ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். 2014 முதல், தம் ஆடையைப் புறம் திருப்பி, சீட்டு வெளியே தெரியும்படி உடுத்து, 'என் ஆடையைச் செய்தவர் யார்?' என்று நிறுவனங்களைக் கேட்கும்படி மக்களை அவ்வியக்கம் தூண்டியது. சட்டையைத் திருப்பி உடுத்துவது சிறு பிள்ளைகளும் செய்யக்கூடிய செயல். அதற்குப் பத்துச் சட்டைகள் வாங்கவேண்டியதில்லை, உடுத்திருப்பதே போதும்.

பொருளைத் தேர்ந்துகொள்வதிலும் அறம் உண்டு. வீணாக்குதலைக் கண்டிக்கும் படைப்பே புதுத் துணியை வீணாக்குமானால், அது தன் கருத்தைத் தானே மறுத்துவிடுகிறது. இத்தாலியக் கலைஞர் பிஸ்டொலெட்டோ, 1967-இல், வீனஸ் தேவியின் சிலையைப் பழந்துணிக் குவியலின் எதிரே முதுகு தெரிய நிறுத்தினார். அழகும் கழிவும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் அப்படைப்பிற்கு வேண்டிய துணி, எவரும் வேண்டாமென்று எறிந்த துணியே.

அத்தகைய துணிகள் எங்கே செல்கின்றன என்பதைக் காணத் தில்லி மாணவர்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. சுமார் 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பானிபட்டிற்குச் சென்றால் போதும். மேல்நாட்டார் கழித்த கம்பளி உடைகள் அங்கே மூட்டை மூட்டையாக வந்திறங்குவது வழக்கம். பொத்தானும் ஜிப்பும் நீக்கி, துண்டு துண்டாக்கி, நிறம்வாரியாகப் பிரித்து, பஞ்சாக அடித்து, மீண்டும் நூலாக்கிக் கம்பளங்கள் நெய்கிறார்கள். அங்கே வேலை செய்யும் பெண்களைப்பற்றி மேக்னா குப்தா 'அன்ராவல்' என்னும் சிறு படம் ஒன்றை 2012-இல் எடுத்தார். அதிகம் உடுத்தாத ஆடைகளை அந்நாட்டார் ஏன் எறிகின்றனர் என்று அப்பெண்கள் வியக்கின்றனர். அங்கே தண்ணீர் அவ்வளவு அரிதாக இருக்கலாம், துவைப்பதைவிட எறிவது மலிவாக இருக்கலாம் என்பது அவர்களிடையே நிலவும் ஊகம். படம் எடுத்தவர் அப்பெண்களுக்காக இரக்கம் கேட்கவில்லை. அவர்கள் சிரிப்பதையும், ஊகிப்பதையும், நம்மை எடைபோடுவதையும் காட்டினார்.

தண்ணீர் என்றவுடன் நம் நொய்யலை நினையாமல் இருக்க முடியவில்லை. ஒரு பருத்திச் சட்டைக்கு, பருத்தி விளைவது முதல், ஏறக்குறைய 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலில் கலந்து, பாசனத்திற்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாகியது. அணையைத் திறக்கவேண்டாம் என்று உழவர்களே வேண்டும் நிலை உண்டாயிற்று. 2011 ஜனவரியில், கழிவை ஒழிக்காத பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின் நீரைச் சுத்தம்செய்து திரும்பப் பயன்படுத்தும் முறை அங்கு வேரூன்றத் தொடங்கியது. ஒரு சட்டையின் நிறம் எந்த ஆற்றின் நிறமாக இருந்தது என்பதும் ஓவியனுக்கு உரிய பொருளே.

இனி என் மகளின் சட்டைக்கு வருகிறேன். சாயம் தெளிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, சந்தையில் வாங்கிய அந்த ஒரு சட்டையைத் தையல் தையலாகப் பிரிக்கத் தொடங்கினாள். எங்கள் குடியிருப்பின் வாயிலில் பீகாரைச் சேர்ந்த தையற்காரர் ஒருவர் பொறி போட்டிருக்கிறார். மாஸ்டர்ஜி என்றே எல்லாரும் அழைப்பர். ஐயம் கேட்கச் சென்றவளுக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. அவர் ஆறு ஆண்டுகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்தவர். 'ஓவர்லாக்', 'பிளாட்லாக்', 'கைமடி' என்று அவ்வூர்த் தொழிற்சொற்களை அவர் அடுக்கியபோது, தில்லியில் பிறந்த என் மகளுக்குத் தெரியாத தமிழை ஒரு பீகார்க்காரர் கற்பித்துக்கொண்டிருந்தார்.

முன்பாகம், பின்பாகம், இரண்டு கைகள், கழுத்துப்பட்டி என்று ஐந்து துண்டுகள். தோளை இணைப்பவர் ஒருவர். பட்டியை ஏற்றுபவர் ஒருவர். கையை ஏற்றுபவர், பக்கங்களை மூட்டுபவர், ஓரம் மடித்து அடிப்பவர் என்று ஆளுக்கொரு வேலை. அப்பால் பிசிர் வெட்டுவோர், சரிபார்ப்போர், தேய்ப்போர், மடித்து அடுக்குவோர். முதல் ஓராண்டு முழுவதும் தோள் ஒன்றையே தைத்ததாக மாஸ்டர்ஜி கூறினார். எண்ணிக்கைக்குக் கூலி, ஆகவே தலை நிமிர நேரமில்லை. முழுச் சட்டையைத் தாம் தைத்ததாகச் சொல்லிக்கொள்ள அங்கே எவராலும் இயலாது என்றார். இந்தச் சட்டை திருப்பூரில் தைத்ததா, லூதியானாவில் தைத்ததா என்பதை அவரும் உறுதியாகச் சொல்லவில்லை.

என் மகள் அவரை ஒரு படம் வரைந்தாள். ஒட்டிய கன்னம், குழிவிழுந்த கண், கண்ணோரத்தில் ஒரு துளி நீர். அதைக் காட்டியபோது அவர் சிரித்துவிட்டார். "யார் இவர், மகளே? ஊரில் என் மனைவி இதைப் பார்த்தால் எனக்கு ஏதோ நோய் என்று பயந்துவிடுவாள். நான் கைதேர்ந்த தொழிலாளி, அதை எழுது. கூலி போதவில்லை; அதையும் எழுது. இரண்டும் உண்மை" என்றார்.

நாகரிக உடைத் தொழிலைப்பற்றிக் கலை செய்யும் மாணவருக்கு இதைவிடச் சிறந்த பாடத்தை எந்த ஆசிரியரும் கற்பித்திருக்க முடியாது. துன்பத்தை மட்டும் வரைந்தால் தொழிலாளியின் திறமை மறைகிறது. திறமையை மட்டும் வரைந்தால் அவருக்கு இழைக்கப்படும் அநீதி மறைகிறது. அவருடைய ஒப்புதல் இன்றி எதை வரைந்தாலும், பெயர்ச்சீட்டை வெட்டிய கத்தரிக்கோலின் வேலையையே நம் தூரிகையும் செய்கிறது.

முடிவில் அவள் செய்தது எளிய படைப்பு. பிரித்த ஐந்து துண்டுகளையும் ஒரு பழைய வேட்டியின்மேல் இடைவெளிவிட்டுத் தைத்தாள். ஒவ்வோர் இடைவெளியிலும் அவ்விடத்தை இணைக்கும் வேலையின் பெயரைத் தமிழிலும் இந்தியிலும் நூலால் எழுதினாள். தோளருகில், மாஸ்டர்ஜியின் இசைவோடு, அவர் கூறிய இரண்டு உண்மைகளையும் எழுதினாள். கழுத்தில் வெட்டுண்ட சீட்டின் எச்சத்தை அப்படியே விட்டுவைத்தாள். கீழ் மூலையில், தான் கொடுத்த விலையான 150 ரூபாயையும் எழுதினாள். குற்றம் முழுவதையும் எங்கோ உள்ள முதலாளிமேல் சுமத்திவிட்டு, வாங்குபவர் தப்பித்துக்கொள்வது நேர்மையாகாது என்பது அவள் கருத்து.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்டதொரு செய்தியும் உண்டு. எழுத்து வேலை தேடி நாம் வடக்கே வந்தோம். தையல் வேலை தேடிப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் திருப்பூருக்குச் செல்கின்றனர். அயலூரில் நம் பெயரைப் பிழையின்றி ஒருவர் உச்சரித்தால் நமக்கு உண்டாகும் மகிழ்ச்சி எத்தகையது என்பதை நாம் அறிவோம். நம் ஊரில் நமக்காகத் தைப்பவருக்கும் பெயர் உண்டு என்பதை நம்மைக்காட்டிலும் உணரத்தக்கவர் யார்?

காட்சிக்குச் சென்றிருந்தபோது நான் ஒரு மூலையில் நின்று பார்த்தேன். அப்படைப்பின் எதிரே எவரும் திடுக்கிடவில்லை. நெடுநேரம் நின்று படித்தார்கள். சிலர் நகரும்போது, தம்மையறியாமல் கையைப் பின்கழுத்திற்குக் கொண்டுசென்று, தம் சட்டையின் சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவே நடந்தது. நானும் அவ்வாறே செய்தேன்.