மாதிரிப் படகின் எஞ்சின் ஏன் களைத்துப்போகிறது?

மாதிரிப் படகில் பொருத்தும் எஞ்சின் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆயினும் நிமிடத்திற்கு 10,000 சுற்றுக்கு மேல் சுழலவல்லது. எங்கள் திருவண்ணாமலையில் சமுத்திரம் ஏரி நிரம்பியிருக்கும் நாட்களில், மாணவர்கள் இத்தகைய படகை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. “கரையில் சீறுகிறது ஐயா, தண்ணீரில் விட்டால் நூறடி போவதற்குள் நின்றுவிடுகிறது” என்பது அவர்கள் முறையீடு. வருமுன்பே பிளக், எரிபொருள், ஊசித் திருகு மூன்றையும் ஒருங்கே மாற்றியிருப்பார்கள். அவ்வாறு செய்தபின் எது குணமாக்கிற்று, எது கெடுத்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஒன்றை மாற்றுக; ஓட்டிப் பார்க்க; குறித்துக்கொள்க. இதுவே நான் அவர்களுக்கு இடும் முதல் கட்டளை.

இவ்வெஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிளக்கினுள் பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. எரியும் ஆவியும் காற்றும் கலந்த கலவையில் சூடேறிய பிளாட்டினக் கம்பி தானே கனன்றுகொண்டிருப்பதை ஹம்ப்ரி டேவி 1817-இல் கண்டார். அந்தத் தத்துவமே இங்கும். தொடக்கத்தில் 1.5 வோல்ட் மின்கலம் கம்பியைச் சூடேற்றுகிறது. பிறகு மெதனால் ஆவியும் சிலிண்டரின் அழுத்தமும் அதைக் கனலச் செய்கின்றன. மின்கல இணைப்பை எடுத்தவுடன் எஞ்சின் தளர்ந்தால் பிளக் தேய்ந்திருக்கலாம். எரிபொருள் மிகுதியாகப் பாய்ந்து கம்பியைக் குளிரச் செய்வதும் உண்டு.

எரிபொருளின் பெரும்பகுதி மெதனால். நைட்ரோமீத்தேன் நூற்றுக்குப் 10 முதல் 25 வரையும், எண்ணெய் 15 முதல் 20 வரையும் சேரும். அந்த எண்ணெய் சிலவேளை நம் முன்னோர் மாட்டு வண்டி அச்சுக்கு இட்ட ஆமணக்கெண்ணெயே! மெதனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஐப்பசி மழையில் மூடி தளர்ந்து கிடந்த புட்டியை நம்பி எஞ்சினைப் பழிப்பது நியாயமன்று.

இனி அந்த நூறடி வழக்கைப் பார்ப்போம். நீரில் விட்ட படகு முதலில் கனத்துத் தள்ளாடும். வேகம் பிடித்ததும் மூக்கைத் தூக்கி நீர்மேல் வழுக்கத் தொடங்கும். அப்போது சுழலியின் சுமை குறைந்து சுற்று ஏறுகிறது. எரிபொருள் அந்த வேகத்திற்கு ஈடுகொடுக்காவிட்டால் கலவை மெலிந்து, எஞ்சின் சூடேறி நின்றுவிடும். கரையில் மிகக் கூர்மையாகச் சீறும்படி திருகை இறுக்கிவைப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். சற்றுத் தளர்த்தி, வெண்புகை தெரியும்படி விடுதல் வேண்டும். சோதனை எளிது: ஓடும்போது எரிபொருள் குழாயை விரலால் நொடிப்பொழுது நெரித்துப் பாருங்கள். சுற்று சிறிது ஏறிப் பின் தளர்ந்தால் கலவை செழிப்பாக உள்ளது. ஏறாமல் உடனே நின்றால் முன்பே மெலிந்துவிட்டது. குழாயில் குமிழ்கள் ஓடினால் திருகைத் தொடாதீர்கள். காற்று எங்கே நுழைகிறது என்று தேடுங்கள்.

எஞ்சின் குற்றமற்றதாகவும் இருக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுழலியைக் கையால் திருப்புங்கள். கனமாகத் திரும்பினால் தண்டு கோணியிருக்கிறது. குளிர்விக்கும் நீர் வெளிவரும் துளையையும் கவனியுங்கள். பாசி அடைத்தால் நீர் சொட்டாது. அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் வலு குறையும் என்பது பலர் அறியாதது. படகைக் கோயிற் குளங்களில் விடாதீர்கள். எண்ணெய்ப் புகை நீரில் படியும்.

இங்கே சற்றுக் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. 2024 ஜூன் மாதத்தில் எங்கள் அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதில் கலந்திருந்த நஞ்சு இதே மெதனால்தான். சிறிதளவு உட்சென்றாலும் கண்ணொளி போகும். தோலின் வழியாகவும் உடலில் ஏறும். எரியும்போது சுடர் பகல் வெளிச்சத்தில் புலப்படாது. ஆகவே பானப் புட்டிகளில் ஊற்றிவைக்காதீர்கள். பெயர் எழுதி, பூட்டிய பெட்டியில், அடுப்பங்கரைக்கு எட்டத்தில் வையுங்கள். பெரியவர் ஒருவர் உடனில்லாமல் பிள்ளைகள் அதைத் திறக்கவே கூடாது.

ஓட்டி முடித்ததும் தொட்டியில் எஞ்சியதை வடித்துவிட்டு, உள்ளே மிச்சமிருப்பது தீரும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். அதன்பின் காற்று வாயிலில் நாலைந்து சொட்டு மெல்லிய எந்திர எண்ணெய் விட்டுக் கையால் சில சுற்றுகள் சுழற்றுங்கள். இல்லையேல் ஆமணக்கெண்ணெய் பிசினாகி, அடுத்த முறை பிஸ்டன் அசையாது.