மூளையிலிருந்து ஒரு சிக்னல்



நெய்வேலி அனல் மின் நிலையத்துக்காரன், பாய்லரைப் பற்றித்தான் பேசுவான் என்று விலங்கியல் மாணவர்கள் பின்வரிசைக்குப் போய்விட்டீர்கள் போலிருக்கிறது. முன்னால் வாருங்கள், மீனைப் பற்றித்தான் ஆரம்பிக்கப் போகிறேன்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள். குளத்தில் விட்டால் நன்றாக வளரும், சினையும் பிடிக்கும். ஆனால் முட்டையிடாது, ஆற்று வெள்ளம் தருகிற தூண்டுதல் அங்கே இல்லை. ஆகவே குஞ்சுகளை ஆற்றில்தான் அரித்தெடுத்தார்கள். அதில் எது எந்த மீன் குஞ்சு என்று பிரிப்பது பெரும்பாடு. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்துக் காட்டினார்கள். ஜூலை 10-ஐ இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

பிட்யூட்டரிக்கும் மேலே ஓர் அதிகாரி உண்டு, ஹைபோதலாமஸ். அது அனுப்புகிற ஜிஎன்ஆர்எச் என்பது 10 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சரம். 1971-இல் அதன் அமைப்பைப் பன்றி மூளையிலிருந்து ஷாலி குழுவும், ஆட்டு மூளையிலிருந்து கியமன் குழுவும் கண்டறிந்தன. இருவருக்கும் 1977-இல் நோபல் பரிசு. அந்தச் சிக்னல் வந்தால் பிட்யூட்டரி எல்எச், எஃப்எஸ்எச் இரண்டையும் விடும். சூலகமும் விந்தகமும் வேலை செய்யும். அவற்றின் ஹார்மோன் திரும்பிப் போய் "போதும்" என்று மூளைக்குச் சொல்லும். நம்ம டிரம் லெவல் கண்ட்ரோல் மாதிரியேதான்!

எர்ன்ஸ்ட் க்னோபில் குழு 1978-இல் வெளியிட்ட சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்தச் சிக்னல் அறுந்துபோன குரங்குகளுக்கு மணிக்கு ஒரு தடவை, சில நிமிஷம் மட்டும் ஜிஎன்ஆர்எச் கொடுத்தால் பிட்யூட்டரி எழுந்து உட்கார்ந்தது. அதையே விடாமல் செலுத்தினால் படுத்துவிட்டது. கண்ட்ரோல் ரூமில் ஓயாமல் அடிக்கிற அலாரத்தை யார் காதில் வாங்குகிறோம்? புராஸ்டேட் புற்றுநோய்க்கும், மிகச் சின்ன வயதிலேயே வரும் பூப்பை நிறுத்தவும் டாக்டர்கள் இந்த வித்தையையே பயன்படுத்துகிறார்கள்.

இதை ஏன் இங்கே பேசுகிறேன்? குழந்தை இல்லையென்றால், டவுன்ஷிப்பில் எந்த வட்டத்துக்குப் போனாலும் முதல் பேச்சு பெண்ணைப் பற்றித்தான். உறுப்பெல்லாம் சரியாக இருந்தும் மேலிருந்து வருகிற சிக்னல் மட்டும் குறைவாக இருக்கலாம். அது ஆணுக்கும் வரும். எல்எச், எஃப்எஸ்எச், அதோடு டெஸ்டோஸ்டிரோன் அல்லது ஈஸ்ட்ரோஜன் அளவைப் பார்க்க ரத்தப் பரிசோதனை போதும், ஆனால் ஆண்கள் லேப் பக்கமே போவதில்லை. இந்த வகைக் குறை உள்ளவர்களில் பலருக்கு ஹார்மோன் ஊசியாலேயே பலன் கிடைக்கிறது. ஆண்களுக்கு விந்தணு உருவாக மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும்.