டயருக்கு இ.வி. முத்திரை எதற்கு?

டயரில் ‘இ.வி.’ என்று முத்திரை குத்த எந்தத் தனித் தேர்விலும் தேற வேண்டியதில்லை. பைரெல்லி ‘எலெக்ட்’ என்கிறது, ஹாங்குக் ‘அயான்’ என்கிறது, அப்பல்லோ ‘ஆம்பீரியன்’ என்கிறது. எல்லாமே அந்தந்த நிறுவனம் தானே சூட்டிக்கொண்ட பெயர். எவ்வளவு எடை தாங்கினால், எவ்வளவு சத்தம் குறைந்தால் அது மின்கார் டயர் என்பதற்குப் பொது அளவுகோல் கிடையாது. அளவுகோல் உள்ளவை டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்கள். தேய்ந்த டயரை மாற்றும்போது எண்களைப் பார்த்து வாங்கினால் போதும், முத்திரைக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே இந்த அணியின் கட்சி.

மின்காருக்குத் தனி டயர் வேண்டும் என்னும் எதிரணியின் முதல் வாதம் எடை. பேட்டரி கனமானது, மறுப்பதற்கில்லை. 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்த நெக்ஸான் மின்காரையே எடுத்துக்கொள்ளலாம். அது பெட்ரோல் நெக்ஸானைவிட நூறு கிலோவுக்கு மேல் கனம். ஆனால் அதன் டயர் அளவு 215/60 ஆர்16. பெட்ரோல் நெக்ஸானின் மேல்வகை மாடல்களுக்கும் அதே 215/60 ஆர்16தான். இந்த அளவின் வழக்கமான சுமைக் குறியீடு 95. அதாவது ஒரு டயர் 690 கிலோ தாங்கும். நான்கும் சேர்ந்து 2,760 கிலோ. காரின் சொந்த எடையோ 1,400 கிலோ அளவு. ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறினாலும் டயருக்கு மிச்சம் இருக்கிறது. அதற்கும் மேல் வேண்டுமென்பவருக்கு இதே அளவில் ‘எக்ஸ்எல்’ டயர் உண்டு: குறியீடு 99, தாங்கும் எடை 775 கிலோ. பெட்ரோல் கார் வைத்திருப்பவரும் அதை வாங்கலாம்.

மிகக் கனமான மின்கார்களுக்கு ‘ஹெச்எல்’ என்ற வகை வந்திருக்கிறது. 2021-இல் பைரெல்லி லூசிட் ஏர் காருக்காக அதைக் கொண்டுவந்தது. பழைய டயரில் அளவுக்கு முன்னால் ‘ஹெச்எல்’ இருந்தால் புதியதிலும் இருந்தே ஆக வேண்டும். அதில் இந்த அணி விட்டுக்கொடுக்காது. ஆனால் ஹெச்எல் என்பது தரநிலையில் இடம்பெற்ற சுமை வகை, விளம்பரப் பெயர் அல்ல. எதிரணி அதைத் தன் சாட்சியாக அழைத்தால் சாட்சி இந்தப் பக்கம்தான் பேசும்.

அடுத்தது ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம். எதிரணி அதிகம் நம்பியிருப்பது இதைத்தான்: ‘சாதா டயர் போட்டார், மறுநாளே ரேஞ்ச் குறைந்தது.’ குறைந்தது உண்மையாகவே இருக்கலாம். காரணம் வேறு. டயர் உருளும்போது ரப்பர் நசுங்கி விரிகிறது. அதில் வீணாகும் ஆற்றல்தான் உருளல் தடை. புது டயரில் மேல்ரப்பர் தடிமனாக இருப்பதால் வீணாவதும் அதிகம். தேயத் தேய அது குறைகிறது. மொட்டையாகும் நிலையிலுள்ள டயர்தான் நல்ல ரேஞ்ச் தரும் டயர். மழைக்கு உதவாது, அவ்வளவுதான். ஆகவே பழையதைக் கழற்றிவிட்டு அச்சு அசலாக அதே கம்பெனி, அதே மாடல் டயரைப் போட்டாலும் முதலில் ரேஞ்ச் குறையவே செய்யும்.

இதில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. 215/60 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 664 மில்லிமீட்டர். மேல்ரப்பரின் பள்ளம் 8 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் விட்டம் 12 மில்லிமீட்டர் குறைகிறது, ஏறக்குறைய 2 சதவீதம். சின்னச் சக்கரம் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றும்; ஓடோமீட்டர் சுற்றைத்தான் எண்ணுகிறது. எனவே 250 கிலோமீட்டர் பயணத்தில் தேய்ந்த டயர் நான்கைந்து கிலோமீட்டரைக் கூட்டிக் காட்டும். புது டயர் போட்டதும் அந்தக் கற்பனைக் கிலோமீட்டர்கள் மறைகின்றன, பழி டயரின் தலையில் விழுகிறது.

இதனால் உருளல் தடையைப் பார்க்க வேண்டாம் என்று ஆகிவிடாது. மோட்டார் வீணடிப்பது குறைவு என்பதால், மின்காரின் செலவில் டயரின் பங்கு பெரிதாகவே தெரியும். ஆனால் அதை அளந்து சொல்ல ஏற்பாடு இருக்கிறது. 2021 மே 1 முதல் நடப்பிலுள்ள ஐரோப்பிய லேபிள் ஆற்றல் சிக்கனத்துக்கும் ஈரச் சாலைப் பிடிப்புக்கும் தனித்தனியே ஏ முதல் இ வரை மதிப்பெண் தருகிறது. இந்தியாவில் எரிசக்தித் திறன் பணியகம் ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் போலவே டயருக்கும் நட்சத்திரம் வழங்குகிறது. இ.வி. முத்திரை இருந்தும் லேபிளில் பின்தங்கிய டயரை வாங்குவதைவிட, முத்திரை இல்லாமல் லேபிளில் முந்தும் டயரை வாங்குவதே புத்திசாலித்தனம். ஈரப் பிடிப்பை விட்டுக்கொடுத்து ரேஞ்சைத் தேடுவது ஐப்பசி மழையில் சென்னைச் சாலைகளில் ஓட்டுபவருக்குக் கட்டுப்படியாகாத பேரம்.

மின்காரில் டயர் சீக்கிரம் தேயும் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. நெக்ஸான் மின்காரில் மோட்டார் இழுப்பதும் முன்சக்கரம், வேகம் குறையும்போது பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும் ரீஜென் பிரேக் பிடிப்பதும் முன்சக்கரம். முன் டயர் சீக்கிரம் தேய்வதைத் தடுக்க 8,000, 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டு, வீல் அலைன்மென்ட் பார்த்தாலே போதும். சிக்னலில் பச்சை விழுந்ததும் சீறிப் பாயும் காலை எந்த ரப்பரும் காப்பாற்றாது.

சத்தம் குறைக்க உள்ளே ஒட்டிய ஃபோம் நல்ல ஏற்பாடுதான். டெஸ்லா கார்கள் பலவற்றில் அது உண்டு. ஆனால் அது காதுக்கான வசதி, பாதுகாப்புக்கான தேவை அல்ல. ஆணி ஏறினால் உள்பக்கம் பேட்ச் போட அந்த இடத்து ஃபோமை வெட்டி எடுக்க வேண்டும். நெடுஞ்சாலைப் பஞ்சர் கடைக்காரரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்ப்பது கஷ்டம்.

கிடைப்பதும் ஒரு தகுதி. பரவலாக ஓடும் அளவில், பரவலாக விற்கும் டயர் கடையில் தங்குவதில்லை. அரிதாக விற்கும் முத்திரை டயர் குடோனில் கிடந்து பழசாக வாய்ப்பு அதிகம். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்கள் அதைச் சொல்லிவிடும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

மின்காருக்கென்று உண்மையிலேயே தனியாகக் கவனிக்க வேண்டியது டயரில் அல்ல, அதை மாட்டும் இடத்தில் இருக்கிறது. காரின் அடித்தளம் முழுக்கப் பேட்டரி. ஜாக்கியை நடுத்தளத்தில் கொடுத்துத் தூக்கினால் பேட்டரி உறை நசுங்கும். கையேட்டில் குறித்த தூக்கும் புள்ளிகளில்தான் கொடுக்க வேண்டும். காற்றையும் எல்லாக் காருக்கும் அடிக்கும் அதே அளவில் அடித்து அனுப்பாமல், டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள ஸ்டிக்கர் சொல்லும் அளவுக்கு, டயர் சூடேறும் முன் அடிக்க வேண்டும்.