மிதக்கும் தோட்டம்

ஸ்ரீநகருக்குப் போகிறவர்கள் ஷாலிமார் தோட்டத்தைத் தவறவிட மாட்டார்கள். ஜஹாங்கீர் 1619-இல் அமைத்தது. அப்புறம் படகில் ஒரு சுற்று, நாலு புகைப்படம், கிளம்பிவிடுவார்கள். ஒருநாளாவது விடியுமுன் எழுந்து டால் ஏரிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே காய்கறிச் சந்தை கூடியிருக்கும். கடை கிடையாது, தராசு, சரக்கு, பேரம் எல்லாமே படகில்தான். நூக்கலும் கீரையும் தாமரைத் தண்டும் படகுக்குப் படகு கைமாறும். வெயில் ஏறுவதற்குள் சந்தை கலைந்துவிடும்.

இந்தக் காய்களில் பல ஏரியின் மேலேயே விளைபவை. நாணலும் கோரையும் பின்னிக் கிடக்கும் படுகையின்மேல் பாசியையும் சேற்றையும் அள்ளிப் போட்டு, வெள்ளரியும் தக்காளியும் வைக்கிறார்கள். தண்ணீர் ஏறினால் தோட்டமும் சேர்ந்து ஏறும். நகராமலிருக்கக் கழி ஊன்றி நிறுத்துவார்கள். அந்தக் கழியைப் பிடுங்கிவிட்டால்? தோட்டத்தையே படகில் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம்! வரப்புத் தகராறு கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே வயலே களவு போயிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரில் நிலவரி அதிகாரியாக இருந்த வால்டர் லாரன்ஸ் இதை எழுதி வைத்திருக்கிறார்.

திரும்பும் வழியில் பழைய நகரத்தின் ஜாமியா மசூதி. உள்ளே 370-க்கும் மேற்பட்ட தேவதாரு தூண்கள் நிற்கின்றன. மூன்று முறை எரிந்து, மூன்று முறையும் எழுந்த கட்டடம். வெள்ளிக்கிழமை தொழுகைக் கூட்டம் இருக்கும். வேறு நாளில் போனால் நிதானமாகப் பார்க்கலாம்.