அணை நடுங்கிய பத்து நொடிகள்

பிழைப்பின் பொருட்டு மகாராட்டிரத்தில் குடியேறிய தமிழர் பலர் மாலையில் ஏற்றும் விளக்குக்குக் கொய்னா ஆற்றின் நீரும் துணை செய்கிறது. அந்த ஆற்றின் அணை நமக்குக் கற்பித்த பாடம் ஒன்றை இன்று எண்ணிப் பார்ப்போம்.

1967-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் விடியுமுன்னர், சாத்தாரா மாவட்டத்தில் நிலம் நடுங்கிற்று. கொய்னா நகரில் வீடுகள் இடிந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 103 மீட்டர் உயரமுள்ள அணை உடையவில்லை. ஆயின், அதன் பின்புறச் சரிவு சட்டென மாறும் கழுத்துப் பகுதியில் விரிசல்கள் ஓடியிருந்தன. அடியில் தோன்றாத விரிசல் கழுத்தில் தோன்றியது ஏன்?

அணையை வகுத்தவர்கள் நிலநடுக்கத்தை மறந்தவர்கள் அல்லர். அக்கால வழக்கப்படி, அணையின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கை, பக்கவாட்டில் மாறாது தள்ளும் விசையாகக் கொண்டனர். அக்கணக்கு கழுத்தில் ஆபத்தைக் காட்டவில்லை. நிலமோ மாறாது தள்ளவில்லை. ஆற்றின் போக்கில் பதிவான முடுக்கம் புவியீர்ப்பின் ஏறக்குறையப் பாதியை எட்டியது; அதுவும் கணந்தோறும் திசை மாறி மாறி வந்தது.

ஊஞ்சலை ஆட்டுவோர் இதை அறிவர். ஊஞ்சலின் போக்கறிந்து தள்ளினால் சிறு விரலும் போதும். போக்கறியாது தள்ளினால் பெரு வலியும் வீணாகும். கொய்னா அணை நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை அசையும் இயல்புடையது. ஆகவே, விசை எவ்வளவு என்பதோடு, எக்கணத்தில் எவ்வளவு என்பதும் தெரிந்தாக வேண்டும்.

இன்று இதனைக் கணிப்பொறியில் செய்கிறோம். முதலில் அணையின் எடையையும், பின்னர் நீரின் அழுத்தத்தையும் மெல்ல ஏற்றுகிறோம். மெல்ல ஏற்றுவது ஏன்? சுருள்வில் தராசில் ஒரு பொருளைத் தொங்கவிட்டுக் கையைச் சட்டென விடுங்கள். முள் உண்மை எடையைத் தாண்டி, ஏறத்தாழ இருமடங்கு வரை பாய்ந்து மீளும். அவ்வாறே எடையைத் திடீரென ஏற்றினால், நிலம் நடுங்குமுன்னரே கணக்கில் ஒரு பொய்ந் நடுக்கம் புகுந்துவிடும்.

அதன் பின்னரே நிலநடுக்கப் பதிவு. சுமார் பத்து நொடி நடுக்கத்தை நொடியின் நூற்றிலொரு பங்காகப் பகுத்து, ஒவ்வொரு கணத்தின் முடுக்கத்தையும் அட்டவணையாக ஊட்டுகிறோம். ஒரு கணத்திலிருந்து அடுத்த கணத்துக்கு நடக்கும் வழியை நியூமார்க் என்னும் அறிஞர் 1959-இல் வகுத்தளித்தார். அடி அகலமானால் உச்சங்கள் நழுவும். கணக்கு நிலைகொள்ளாதபோது அடியைப் பாதியாக்கி மீண்டும் நடக்கிறோம்.

இங்கே இன்னொரு நுட்பம் உண்டு. கம்பியைச் சிறிதே வளைத்தால் நிமிரும். மிகுதியாக வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். கான்கிரீட்டும் ஒருமுறை விரிந்தால் விறைப்பு குன்றிவிடும்; அடுத்த அசைவை அக்குறையுடனேயே தாங்கும். எனவே, விசைகளைத் தனித்தனியே கணக்கிட்டு விடைகளைக் கூட்டுதல் இங்கே பொருந்தாது. எது முன், எது பின் என்பதே விடையை மாற்றும்.

இவ்வாறு காலத்தொடு கூடிய கணக்கைச் செய்தபோது, கான்கிரீட்டின் வலிமையை மிஞ்சிய இழுவிசை அந்தக் கழுத்துப் பகுதியிலேயே எழுந்தது. அணை காட்டியதைக் கணக்கும் காட்டிற்று. நடுக்கத்துக்குப் பின் உயர்ந்த பகுதிகளுக்குப் பின்புறம் தாங்குசுவர்கள் எழுப்பப்பட்டன. அணை இன்றும் நிற்கிறது.

நம் பிள்ளைகள் பலர் இன்று இத்தகைய கணக்குகளைச் செய்யும் அலுவலகங்களில் இருக்கின்றனர். அவர்களுக்கு நாம் சொல்லத்தக்கது ஒன்றே: கணிப்பொறி கேட்டதற்கே விடை சொல்லும், கேட்க மறந்ததைச் சொல்லாது. விசை எப்போது வந்தது, எப்படி ஏறியது என்று கேட்க மறவாதீர்கள். அணையின் கீழே ஊர்கள் உறங்குகின்றன.