ஓடும் உடலுக்கு ஊண்



உடலை வருத்தினாற்றான் வெற்றி கிட்டும் என்பர். உழைப்பு வேண்டுவதே, அவ்வுழைப்புக்கு ஈடான உணவும் வேண்டுமன்றோ?

அமெரிக்க வீராங்கனை மேரி கெயின் 2013இல், தமது 17ஆம் வயதில், மொஸ்கோ உலகப் போட்டியில் 1500 மீற்றர் ஓடினார். பின்னர் எடையைக் குறைக்குமாறு வற்புறுத்தப்பட்டதாகவும், மூன்றாண்டுகள் மாதவிடாய் நின்று ஐந்து எலும்புகள் முறிந்ததாகவும் 2019இல் அவரே உலகறியக் கூறினார்.

உண்டதில் பயிற்சிக்குச் செலவானது போக எஞ்சுவதே உடலைப் பேணுவது. அது நெடுநாள் குறைந்தால், உடல் சிக்கனம் செய்யத் தொடங்கும், ஓமோன்கள் குன்றும், எலும்பு நலியும். ஆண்களையும் இது பற்றும் என 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அறிஞர் எடுத்துரைத்தனர்.

மெலிவை மட்டும் பார்த்து இதனை அறிதல் இயலாது. எடை மாறாமலும் இருக்கலாம். ஓயாக் களைப்பு, மாதவிடாய் நிற்றல், எலும்பில் அடிக்கடி வெடிப்பு ஆகியன அறிகுறிகள். வைத்தியர் இரத்தத்தையும் எலும்பின் அடர்த்தியையும் சோதித்து, பிற நோய்கள் இல்லையென்று தெளிந்த பின்னரே முடிவு கூறுவார்.

சிகிச்சை யாது? உணவைக் கூட்டுதல், பயிற்சியைக் குறைத்தல், உணவுக்கு அஞ்சும் மனத்தைத் தேற்றுதல். கருத்தடை மாத்திரையால் வரும் இரத்தப்போக்கு குணமன்று. நோயை மறைக்கும் திரையே.

அவையிற் கூறக் கூச்சமான செய்திதான். ஆயினும் மறைத்தலே கேடு. தோழியரே, மாதவிடாய் நிற்பதைப் பயிற்சியின் பயனென்று எண்ணாதீர்கள். பெரியோர்களே, மெலிந்தால் முந்தலாம் என்று பிள்ளைகளுக்குப் போதியாதீர்கள். விரதத்துக்கு எல்லையுண்டு, பாரணையுண்டு. எல்லையற்ற பட்டினி விரதமன்று.